இருபது நிமிஷம் ஊற வேண்டும்

பத்து இருபத்துமூன்றுக்குத் தங்கபுஷ்பம் கருவிகளை மருந்துத் தண்ணீரில் இறக்கினாள். இருபது நிமிஷம் ஊற வேண்டும். பத்து நாற்பத்துமூன்று வரை அவளுக்கு வேறு ஜோலி கிடையாது, தட்டுக்குப் பக்கத்தில் நின்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். வயிற்றை நீளமாகக் கிழிக்காமல் மூன்று சின்னத் துளை போட்டு, ஒரு துளை வழியாகக் காமிராவை விட்டு, டி.வி.யைப் பார்த்துக்கொண்டே செய்கிற ஆபரேஷனுக்கான கருவிகள் அவை. குழந்தைகளுக்கென்று பென்சில் கனத்தில் வந்த செட்டு. ஜில்லா பூராவும் சல்லடை போட்டுத் தேடினாலும் இந்த ஒன்றுதான் இருக்கிறது. ஒன்றே ஒன்று என்பதால் காலையில் ஒரு குழந்தைக்குச் செய்து முடித்ததும் மூட்டு மூட்டாகக் கழற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்து, உள்ளே ஊசியால் தண்ணீர் பீய்ச்சி, அடுத்த குழந்தைக்காக இந்தப் பச்சைத் தண்ணீரில் அமுக்க வேண்டும். அதன் நெடி மாஸ்க்கைத் தாண்டி வந்து கண்ணைக் கரித்தது. ஐம்பத்துநாலு வயசு, முப்பது வருஷ சர்வீஸ், அதில் பதினெட்டு வருஷம் இந்த ஆபரேஷன் தியேட்டருக்கு இன்சார்ஜ் சிஸ்டர். எத்தனையோ பிள்ளைகளுக்காக இந்தத் தட்டுக்குக் காவல் நின்றிருக்கிறாள், யாருடைய பிள்ளை என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. இன்றைக்குப் பார்த்தாள். கேஸ் ஷீட்டைக் கையில் வாங்கியதும் இரண்டு தரம் படித்தாள். பெயர் நிவேதிகா, வயது எட்டு, குடல்வால் வீக்கம். கூட வந்திருப்பவர் தாத்தா, டாக்டர் பிறவிப்பெருமாள், இதே ஆஸ்பத்திரியின் முன்னாள் சூப்பிரண்டு.

மாட்டிக்கொண்டாயா என்று மனசு கேட்டது. கேட்ட மனசை அவள் அதட்டவில்லை. ஏழு வருஷமாக அந்த மனுஷனை நினைத்துக் கறுவிக்கொண்டிருக்கிறவள் எதற்கு அதட்ட வேண்டும். சர்ச்சில் போதகர் நம்மைப் பகைக்கிறவர்களுக்காக ஜெபிப்போம் என்று சொல்லும்போதெல்லாம் மற்றவர்கள் கண்ணை மூடுவார்கள், இவள் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த ஆள் ரிட்டயரான அன்றைக்குச் சீனியர் என்று இவளைத்தான் மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தச் சொன்னார்கள். போர்த்தினாள். ஜரிகை அவர் கழுத்தில் குத்துமே என்று அவளே இழுத்துச் சரிசெய்தாள், அப்போது அந்தக் கழுத்தை எவ்வளவு நேரம் பார்த்தாள் என்பது அவளுக்கும் கர்த்தருக்கும்தான் தெரியும். எல்லாரும் கை தட்டினார்கள். போட்டோ கூட இருக்கிறது, சிரித்துக்கொண்டிருக்கிறாள். அதே சிரிப்போடுதான் இன்றைக்குக் காலையிலும் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து, பயப்படாதே பாப்பா, எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்று சொன்னாள். பிள்ளை நல்ல பிள்ளை. நெளிமோதிரம் போட்டிருந்த விரலை நீட்டி, இதைக் கழற்றணுமா ஆன்ட்டி என்று கேட்டது. பிள்ளைமேல் இவளுக்கு என்ன கோபம். ஒன்றும் இல்லை. ஆனால் பிள்ளையின் வயிற்றை அமுக்கிப் பார்க்கச் சட்டையைத் தூக்கியபோது, அந்த வழவழப்பான வயிற்றில் ஒரு கோடு கூட இல்லாததைப் பார்த்தபோது, தங்கபுஷ்பத்தின் வயிறு எரிந்தது. எரிந்தது என்பதை ஒளித்து என்ன ஆகப்போகிறது. மணி பத்து இருபத்தேழு.

ஜெஸிந்தாவின் வயிறும் இப்படித்தான் இருந்தது. ஒன்பது வயசில் பள்ளிக்கூட மணல்குழியில் நீளம் தாண்டினால் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக்கூட ஒரு முழம் பின்னால் விட்டுவிடுவாள், பாவாடையில் மணலோடு வந்து நிற்பாள், எம்மா மணல் உதறாத, நல்லாருக்கு என்பாள். இப்போது பதினாறு. தொப்புளுக்கு மேலே நாலு விரல் தள்ளி ஆரம்பித்து அடிவயிறு வரைக்கும் நேர்க்கோடு, இரண்டு பக்கமும் தையல் போட்ட தடம். ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் நாள் சீழ் வைத்தது, தையலைப் பிரித்துவிட்டுப் பதினேழு நாள் திறந்த புண்ணாகவே கட்டுக் கட்டினார்கள், கட்டினார்கள் என்ன, தங்கபுஷ்பம்தான் கட்டினாள், மகள் தலையணையைக் கடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்த பார்வையை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு. அந்த இடம் சரியாகச் சேரவில்லை. இருமினால் எலுமிச்சம்பழ அளவு முன்னால் பிதுங்குகிறது. ஓடக்கூடாது, தாண்டக்கூடாது, குடம் தூக்கக்கூடாது. விளையாட்டு பீரியடில் மற்ற பிள்ளைகள் கழற்றிப்போட்ட செருப்புகளுக்குக் காவலாக உட்கார்ந்திருப்பாளாம், கிளாஸ் டீச்சர் சொன்னாள். போன வருஷம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இங்கேதான் குடல்வால் எடுத்தார்கள். மூன்று பொட்டு. அந்தப் பிள்ளை சந்தோஷமாகச் சட்டையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தது. அன்றைக்கு ஜெஸிந்தா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"எனக்கு மட்டும் ஏம்மா இம்புட்டு நீளம்? அந்த மிஷின் அப்ப ஒங்க ஆஸ்பத்திரில இல்லியா?"

"இல்ல மக்ளே," என்றாள் தங்கபுஷ்பம்.

இருந்தது. பதினோரு மாசமாக இதே தியேட்டரின் மூலையில், கண்ணாடி அலமாரிக்குள், சுற்றிவந்த பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்காமல் இருந்தது. வெளிநாட்டில் இருக்கிற யாரோ ஊர்க்காரர்கள் சேர்ந்து வாங்கி அனுப்பியது, குழந்தை அளவுக் கருவிகளையும் சேர்த்து. வந்த வாரமே வேலையை ஆரம்பித்திருக்கலாம். திறப்பு விழா வைத்துத்தான் தொட வேண்டும் என்றார் பிறவிப்பெருமாள். மந்திரி தேதி கொடுத்தார், மழை வந்தது. மறுபடி கொடுத்தார், யாரோ செத்துப்போனார்கள். மூன்றாவது தேதிக்குள் தேர்தல் அறிவித்துவிட்டார்கள், நடத்தை விதி வந்துவிட்டது, இனி ஓட்டு எண்ணி முடிக்கிற வரைக்கும் ரிப்பன் வெட்ட முடியாது. ரிப்பன் மட்டும் முதல் தேதிக்கே அலமாரிக்குக் குறுக்கே கட்டியாயிற்று, சிவப்பு சாட்டின், நடுவில் பூ வைத்து. வாசலில் பதிக்கக் கல்வெட்டும் அடித்து வந்து, தேதி இருக்க வேண்டிய இடம் மொட்டையாக, ஸ்டோரில் சுவரோரம் சாய்ந்து நின்றது. நடுவில் ஆயுத பூஜை வந்தது. தியேட்டர் உதவியாளர்கள் அலமாரிக் கண்ணாடியில் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்துப் பொரிகடலை கொடுத்தார்கள். ஒரு நாள் கூட வேலை செய்யாத மிஷினுக்கு ஓய்வு கொடுத்துப் பூஜை. பிறவிப்பெருமாள் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தங்கபுஷ்பமும் பொரி வாங்கித் தின்றாள். அப்படி இருந்த நாளில்தான் ஜெஸிந்தாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலி எங்கே என்று தெரியவில்லை, வயிறு பூராவும் பலகையாக இருந்தது. காமிரா விட்டுப் பார்த்தால் இரண்டு நிமிஷத்தில் தெரியும். காமிரா இல்லாவிட்டால் நட்டநடுவில் நீளமாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். காமிரா எட்டடி தூரத்தில் இருந்தது. அலமாரி பூட்டியிருந்தது. பூட்டியிருந்தது என்கிற இடத்துக்கு வந்ததும் நினைப்பு எப்போதும்போல நின்றது, நின்று திரும்பி, மறுபடி பிறவிப்பெருமாளிடம் ஓடியது. அந்த ஆள் பூட்டி வைத்தான். அவன்தான் வேண்டாம் என்றான். அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று எத்தனை நாள் குளிக்கும்போது சத்தம் இல்லாமல் வாயை அசைத்திருக்கிறாள்.

கதவின் வட்டக் கண்ணாடியில் யாரோ விரலால் தட்டினார்கள். மணி பத்து முப்பத்தொன்று. கதவைக் கொஞ்சம் திறந்தாள். பிறவிப்பெருமாள்தான். செருப்போடு வருகிறவர்கள் தாண்டக்கூடாத சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம், வேட்டி கசங்கி, சவரம் செய்யாமல் நின்றார். ஒரு காலத்தில் இவர் வராந்தா முனையில் திரும்புகிற சத்தம் கேட்டாலே பாதி ஸ்டாஃப் எழுந்து நிற்பார்கள்.

"ரெடியா புஷ்பம்?"

"ஊறிட்டிருக்கு சார். இன்னும் பன்னெண்டு நிமிஷம்."

"நீ பாக்கேன்னா எனக்குக் கவலையில்ல. டவுன்ல எந்தப் பிரைவேட்லயும் பிள்ளை சைஸ் கெடையாதுங்கான். மருமக ஒரே அழுகை, நீளமா கீறிராம பாத்துக்கிடுங்க மாமான்னு. பொம்பளப்பிள்ள பாரு, நாளைக்கு ஒரு தழும்பு கிழும்பு தெரியப்படாதுல்லா."

தங்கபுஷ்பம் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்தாள். ஏழு வருஷமாகக் குளியலறையில் ஒத்திகை பார்த்த நாலு கேள்வியில் ஒன்று கூட வாய்க்கு வரவில்லை. வந்தது வேறு.

"எம்மக பேரு ஞாபகம் இருக்கா சார்?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "மக ஒருத்தி உண்டுல்லா உனக்கு. காலேஜ் போறாளோ?"

"பிளஸ் ஒன் படிக்கா. இங்கதான் ஆபரேஷன் நடந்துச்சு. மிஷினத் தொறக்கலாமான்னு ஒங்களுக்குப் போன் போட்டேன்."

"ஆங், ஆமா ஆமா. எலெக்ஷன் சமயம். நல்லாருக்காளா?" பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார், முகத்தில் பழைய வாஞ்சை வந்தது. "உனக்கு ஒண்ணு சொல்லுதேன் புஷ்பம். அன்னைக்கு வேற எவளா இருந்தாலும் சாவி நம்ம இடுப்புலதான இருக்குன்னு தொறந்திருப்பா. பெத்த பிள்ளைக்கே நீ தொறக்கல. ஒன்கிட்ட சாவி இருந்ததாலதான் நான் நிம்மதியா இருந்தேன். ரிட்டயர்மென்ட் அன்னைக்கே மேடையில சொல்லணும்னு நெனச்சேன், விட்டுப்போச்சு."

பாராட்டுத்தான். மனசாரப் பாராட்டினார். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள், சாத்தியபிறகும் தலை தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. சொல்லிவிட்டான். இந்த ஏழு வருஷத்தில் புருஷனிடம் சொல்லாததை, மகளிடம் சொல்லாததை, ஃபேனைப் பார்த்துக்கொண்டே கர்த்தரிடம்கூடச் சொல்லாததை அந்த ஆள் வராந்தாவில் நின்று சர்டிபிகேட் மாதிரி வாசித்துவிட்டான். ஆமாம், சாவி இவளிடம்தான் இருந்தது. தியேட்டர் அலமாரிச் சாவி எல்லாம் இன்சார்ஜ் சிஸ்டரிடம்தான் இருக்கும், பதினோரு சாவிக் கொத்து, இடுப்பில் சொருகியிருப்பாள். அன்றைக்கு மத்தியானம் மூன்று மணி. டியூட்டியில் இருந்த சர்ஜன் செல்வின், பொடியன், படிக்கும்போதே காமிரா ஆபரேஷன் நாற்பது செய்தவன். அவன் அலமாரியைக் காட்டி, திறங்க சிஸ்டர், நான் பாத்துக்கிடுதேன், துளை போட்டே முடிச்சிரலாம் என்றான். இவள் போனை எடுத்தாள். திறங்க என்றபோது திறக்காமல் போனை எடுத்தாள். பிறவிப்பெருமாள் அந்தப் பக்கம் என்ன, கத்தினாரா? இல்லை. நிதானமாகத்தான் சொன்னார். இப்ப ரிப்பனை எடுத்தா நாளைக்கு யாரு பதில் சொல்லுதது, சின்னப் பிள்ளைக்கு வயிறு சீக்கிரம் ஆறிரும், ஓப்பனாவே பண்ணச் சொல்லு. சரி சார் என்றாள். செல்வின் இவள் இடுப்பைப் பார்த்தான். சாவி உங்ககிட்டத்தான சிஸ்டர் இருக்கு என்றான். சார் வேண்டாங்கிறாங்க டாக்டர் என்றாள். ஒரு சாட்டின் ரிப்பன். கையால் இழுத்தால் அவிழ்ந்துவிடும், கத்திரிக்கோல் கூட வேண்டாம். மேஜைமேல் ஜெஸிந்தா மயக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தாள். செல்வின் கத்திக்காகக் கையை நீட்டினான். அந்தக் கத்தியை எடுத்துக் கொடுத்தது யார்? தங்கபுஷ்பம்தான். பிறவிப்பெருமாள் அப்போது வீட்டில் இருந்தார்.

அதனால் அவரை விட்டுவிடுவதா. விட மாட்டாள். அவர் வாயால் அதைக் கேட்டபிறகு வன்மம் இன்னும் இரண்டு மடங்காக ஏறியது. பெத்த பிள்ளைக்கே திறக்காதவள் என்று தெரிந்தேதான் சாவியைக் கொடுத்து வைத்திருக்கிறான். வீட்டுக்கு நாய் வாங்குகிறவன் பார்த்து வாங்குகிற மாதிரி. அவனுக்கு வலிக்க வேண்டும். ஐந்தாம் நாள் வலிக்க வேண்டும், கட்டைப் பிரித்தால் சீழ் நாறுகிற அந்த ஐந்தாம் நாள், பேத்தி தலையணையைக் கடித்துக்கொண்டு அவனைப் பார்க்க வேண்டும், அப்போது ஜெஸிந்தாவின் பெயர் தானாக ஞாபகம் வரும். எப்படி என்று அவள் தேடவே இல்லை, வழி பச்சைத் தண்ணீரில் முன்னாலேயே கிடந்தது. கருவிகளை எப்போது இறக்கினாள் என்று அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. இருபது நிமிஷம் ஆயிற்று என்று அவள் சொன்னால் ஆயிற்று. பத்து நிமிஷத்தில் வெளியே எடுத்தாலும் கருவி பளபளவென்றுதான் இருக்கும். காலையில் செய்த குழந்தைக்கு ஏற்கெனவே உள்ளே கொஞ்சம் சீழ் இருந்தது. கிருமி செத்ததா இல்லையா என்று கண்ணுக்கா தெரியும். வார்டில் புண் பழுத்தால் ஆயிரம் காரணம் சொல்லலாம், கடிகாரத்தை வந்து யார் விசாரிக்கப்போகிறார்கள். இடுக்கியைக் கையில் எடுத்தாள். எடுத்தது தெரியாமலேதான் எடுத்தாள். அதன் நுனி தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. முழுசாகவே ஊறட்டும் என்றது ஒரு நினைப்பு, எடு என்றது ஒன்று, அந்தப் பிள்ளை நெளிமோதிரத்தை யாரிடம் கழற்றிக் கொடுத்ததோ என்று சம்பந்தமில்லாமல் இன்னொன்று ஓடியது. மணி பத்து முப்பத்துநாலு.

உள் கதவைத் தள்ளிக்கொண்டு மயக்க மருந்து டாக்டர் கதிரேசன் வந்தார். இரண்டு தியேட்டருக்கு அவர் ஒருவர்தான், எப்போதும் ஒரு காலை அடுத்த இடத்தில் வைத்துக்கொண்டேதான் பேசுவார். பின்னாலேயே குழந்தைகள் சர்ஜன் யாஸ்மின், கை கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட முழங்கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு.

"சிஸ்டர், எடுத்துருங்க," என்றார் கதிரேசன். "பதினோரு மணிக்குப் பிரசவ வார்டுல எனக்கு ஒரு சிசேரியன் லிஸ்ட்ல இருக்கு. இத இப்பவே ஆரம்பிச்சாத்தான் முடியும்."

"எவ்வளவு நேரம் ஆச்சு சிஸ்டர்?" என்று கேட்டாள் யாஸ்மின்.

"பதினோரு நிமிஷம் டாக்டர்."

இருபது என்று சொல்லியிருக்கலாம். பதினொன்று என்று ஏன் சொன்னாள் என்று அவளுக்கே புரியவில்லை. யாஸ்மின் கதிரேசனைப் பார்த்தாள். அட்டைப் பெட்டிக்குள் போன் காமிராவை வைத்துப் பழகிப் பழகி இந்த ஊரில் இந்தத் துளை ஆபரேஷனைக் கொண்டுவந்தவள் அவள், இருபது நிமிஷக் கணக்கைக் கண்டிப்பாகச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். காலையிலிருந்து மூன்றாவது கேஸ், கண் சிவந்திருந்தது.

"சில இடத்துல பத்து நிமிஷத்துலயே எடுக்குறாங்க," என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. "சரி சிஸ்டர். பரவாயில்ல. எடுத்துருங்க."

"இல்லன்னா ஓப்பனாவே பண்ணிருங்களேன்," என்றார் கதிரேசன். "சின்னப் பிள்ளைதான. சீக்கிரம் ஆறிரும்."

தங்கபுஷ்பத்துக்குக் காது அடைத்தது. நினைத்ததெல்லாம் கையில் வந்து விழுந்துவிட்டது. எடுங்க என்று டாக்டரே சொல்லியாயிற்று, இனி அவள் தலையில் எதுவும் விடியாது. சரி டாக்டர் என்று சொல்லி இடுக்கியை ஒரு விரல் தாழ்த்தினால் போதும். பழி வாங்குவதற்கு அவள் புதிதாக ஒரு பாவமும் செய்ய வேண்டாம், முப்பது வருஷமாகச் செய்ததையே இன்னொரு தரம் செய்தால் போதும். சொன்னதைக் கேட்டால் போதும். ஜெஸிந்தாவின் வயிற்றைக் கிழித்தது எதுவோ அதேதான் நிவேதிகாவுக்கும் வந்து நிற்கிறது, அதே குரலில், அதே நிதானத்தில், சீக்கிரம் ஆறிரும் என்று. அந்த ஆளுக்கு இது வேண்டும், வேண்டும்தான். வட்டக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நரைத்த தலை தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சரி டாக்டர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"எடுக்க மாட்டேன் டாக்டர்," என்றாள். "இன்னும் ஒம்பது நிமிஷம் இருக்கு."

கதிரேசன் திரும்பிப் பார்த்தார். "அப்ப ஓப்பன் செட்டைக் குடுங்க."

"அதுவும் தர மாட்டேன். சிசேரியன் அரை மணி நேரம் தள்ளிப்போனா ஒண்ணும் ஆயிராது, அவசரக் கேஸ் இல்ல, லிஸ்ட்ல போட்டதுதான. நான் போன் பண்ணிச் சொல்லுதேன். நீங்க நில்லுங்க."

"யாரைப் பாத்து என்ன பேசுதீங்க? மேல எழுதிப் போட்டுருவேன் சிஸ்டர்."

"எழுதுங்க சார்."

யாஸ்மின் உயர்த்திய முழங்கையோடு கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு தலையை மட்டும் அசைத்தாள். கதிரேசன் சக்கர ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. தங்கபுஷ்பம் இடுக்கியைக் கீழே வைத்தாள். வட்டக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிறவிப்பெருமாள் என்ன நடந்தது என்று தெரியாமல் கையெடுத்துக் கும்பிட்டார், அவள் பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள். உன்னை மன்னிக்கவில்லை, சாகிற வரைக்கும் மன்னிக்க மாட்டேன் என்று அந்தத் தலையைப் பார்த்து மாஸ்க்குக்குள்ளேயே சொன்னாள், வாய்விட்டு, ஒரு வார்த்தை விடாமல். மணி பத்து முப்பத்தாறு. வீட்டுக்குப் போய் ஜெஸிந்தாவிடம் மிஷின் இருந்தது மக்ளே என்று சொல்ல வேண்டியிருக்கும், சாவியையும் சொல்ல வேண்டியிருக்கும். பிரசவ வார்டுக்குப் போன் போட்டு, சிசேரியனை அரை மணி நேரம் தள்ளி வைக்கச் சொன்னாள். எடுக்க மாட்டேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடித்தது என்று கடிகாரத்தைப் பார்த்தபடியே இன்னொரு தரம் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். நொடிமுள் இரண்டு தடவைதான் நகர்ந்தது.